மென்பொருள் சோதனை: நம் பிள்ளைகளுக்கு எட்டும் ஒரு தொழில்

(நமது அறக்கட்டளை பாடாலூரில் நடத்திய கல்வி, வேலைவாய்ப்பு வழிகாட்டுதல் நிகழ்ச்சியில், மென்பொருள் சோதனைத் துறையில் பணியாற்றும் சகோதரி ஒருவர் ஆற்றிய உரை. வர இயலாத குடும்பத்தினருக்காக எழுத்து வடிவில் தருகிறோம்.)



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு கொஞ்சம் நீளமானது. 'நிறுவனங்களின் வணிக மென்பொருளைத் தானியங்கிக் கருவிகள் கொண்டு சோதிப்பதைக் கற்றுக்கொள்வது எப்படி' என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். கேட்டவுடன் இது பெரிய ஊர்ப் பிள்ளைகளுக்கான விஷயம் என்று தோன்றும். அப்படி இல்லை. நம் பக்கத்தில் தயாராகும் சிமெண்ட் மூட்டையையும் டயரையும் வைத்தே இதைப் புரியவைக்க முடியும். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

2025 செப்டம்பர் 3-ஆம் தேதி ஜிஎஸ்டி கவுன்சில் கூடி வரி விகிதங்களை மாற்றியது. சிமெண்டுக்கு 28 சதவீதமாக இருந்த வரி 18 ஆனது. கார், பஸ் டயர்களுக்கும் 28 என்பது 18 ஆனது. டிராக்டர் டயருக்கு 18 என்பது 5 ஆனது. செப்டம்பர் 22 முதல் அமல். நடுவில் மூன்று வாரம்கூட இல்லை.

அரியலூர் பக்கம் சிமெண்ட் ஆலைகள் வரிசையாக இருப்பதும், நமக்குப் பக்கத்தில் நாரணமங்கலத்தில் டயர் தொழிற்சாலை இருப்பதும் உங்களுக்குத் தெரியும். இப்படிப்பட்ட தொழிற்சாலைகள் முதல் டீலர்கள், சிறு கடைகள் வரை, கம்ப்யூட்டரில் பில் போடுகிற எல்லோரும் அந்த மூன்று வாரத்துக்குள் தங்கள் மென்பொருளை மாற்றியாக வேண்டியிருந்தது.

'ஒரு எண்ணைத்தானே மாற்ற வேண்டும், 28 இருக்கும் இடத்தில் 18 போட்டால் முடிந்தது' என்று தோன்றும். அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. 21-ஆம் தேதி இரவு போட்ட பில்லில் 28 சதவீதம் இருக்க வேண்டும். 22-ஆம் தேதி காலை போடும் பில்லில் 18 இருக்க வேண்டும். 21-ஆம் தேதி அனுப்பிய சரக்கில் பத்து மூட்டை நனைந்துபோய் அக்டோபர் மாதம் திரும்பி வருகிறது என்று வையுங்கள். அதற்குப் போடும் கிரெடிட் நோட்டில் எந்த வரி? அது பழைய பில்லைச் சார்ந்தது, ஆகவே 28-தான். அக்டோபர் மாதத்தில் போடுவதால் மென்பொருள் 18 என்று எடுத்துக்கொண்டால் கணக்கு இடிக்கும். டயர் விற்கிறவருக்கு இன்னொரு தொல்லை. ஒரே கடையில், ஒரே பில்லில், கார் டயருக்கு ஒரு வரி, டிராக்டர் டயருக்கு வேறொரு வரி.

வரிக்கு முந்தைய விலை மூட்டைக்கு 300 ரூபாய் என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். 28 சதவீதம் என்றால் வரி 84 ரூபாய். 18 சதவீதம் என்றால் 54 ரூபாய். வித்தியாசம் 30 ரூபாய். ஒரு லாரியில் 500 மூட்டை போனால் 15,000 ரூபாய். மென்பொருளில் ஒரு தேதியைத் தவறாக எழுதினால் லாரிக்கு 15,000 ரூபாய் யாரோ ஒருவர் கையைக் கடிக்கும். வாங்கியவர் ஏமாறுவார், அல்லது விற்றவர் அரசாங்கத்துக்குப் பதில் சொல்ல வேண்டிவரும்.

இந்தத் தப்பு நடக்காமல், பில் வெளியே போவதற்கு முன்பே உட்கார்ந்து பார்த்துக் கண்டுபிடிக்கும் வேலைக்குப் பெயர்தான் டெஸ்டிங். நான் செய்கிற வேலை அதுதான்.

வணிக மென்பொருள் என்றால் என்ன?

செல்போனில் நாம் பயன்படுத்தும் செயலிகள் ஒரு வகை. நிறுவனங்கள் உள்ளுக்குள் பயன்படுத்துவது வேறு வகை. கொள்முதல், இருப்பு, உற்பத்தி, விற்பனை, சம்பளம், கணக்கு எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கட்டி வைக்கும் மென்பொருளை ஈஆர்பி என்பார்கள். ஜெர்மனியில் 1972-இல், ஐபிஎம் நிறுவனத்திலிருந்து வெளியே வந்த ஐந்து பொறியாளர்கள் தொடங்கிய எஸ்ஏபி இதில் மிகப் பெரிய பெயர். ஆரக்கிள், மைக்ரோசாஃப்ட் நிறுவனங்களுக்கும் இதில் தனித் தயாரிப்புகள் உண்டு. நம் தமிழ்நாட்டிலிருந்து உலகமெங்கும் வணிக மென்பொருள் விற்கும் நிறுவனம் ஜோஹோ. தமிழக அரசு ஊழியர்களின் சம்பளப் பட்டியல் இன்று காகிதத்தில் போவதில்லை. ஒருங்கிணைந்த நிதி மற்றும் மனிதவள மேலாண்மைத் திட்டம் என்ற மென்பொருள் வழியாகத்தான் போகிறது. இந்தக் கூட்டத்தில் ஆசிரியர்கள் யாராவது இருந்தால் அதைப் பற்றி என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

இதில் ஒரு வேலை எப்படி நடக்கிறது என்று பாருங்கள். ஒரு கம்பெனி 100 சாக்கு ஆர்டர் போடுகிறது. குடோனுக்கு வந்தது 98. விற்றவர் 100-க்கு பில் அனுப்புகிறார். மென்பொருள் இந்த மூன்று தாள்களையும் ஒப்பிட வேண்டும். ஆர்டர் 100, வந்தது 98, பில் 100, ஆகவே பணத்தை நிறுத்து என்று சொல்ல வேண்டும். சொல்கிறதா என்று பார்ப்பவர் டெஸ்டர்.

இன்னொரு உதாரணம். 50,000 ரூபாய் வரை மேலாளர் ஒப்புதல் போதும், அதற்கு மேல் போனால் பொது மேலாளர் ஒப்புதல் வேண்டும் என்று ஒரு விதி. நல்ல டெஸ்டர் 20,000 போட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட மாட்டார். 49,999 போடுவார், 50,000 போடுவார், 50,001 போடுவார். ஏனென்றால் மென்பொருள் தடுமாறுவது பெரும்பாலும் எல்லைக்கோட்டில்தான். பிறகு ஒன்றுமே போடாமல் விட்டுப் பார்ப்பார், கழித்தல் குறி போட்டுப் பார்ப்பார். நம் வீட்டுப் பெண்கள் காய்கறிக் கடையில் ஒரு வெங்காயத்தை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்து வாங்குவார்களே, அந்தப் பார்வைதான் இது. பார்வை நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. கருவியைத்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

சோதிக்காமல் விட்டால் என்ன ஆகும்?

இங்கிலாந்தில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே அஞ்சலகக் கிளைகளை ஊரில் உள்ளவர்கள் ஒப்பந்தத்தில் எடுத்து நடத்துவார்கள். நம் இந்திய வம்சாவளியினர் பலரும் அப்படி நடத்தினார்கள். 1999 முதல் அந்தக் கிளைகளில் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் புகுத்தப்பட்டது. அதைத் தந்தது ஃபுஜிட்சு நிறுவனம். சில கிளைகளில் இல்லாத பற்றாக்குறையை அந்த மென்பொருள் காட்டியது. 'பணத்தை நீ எடுத்துவிட்டாய்' என்று கிளை நடத்தியவர்கள் மீது வழக்கு வந்தது. அவர்கள் எவ்வளவு சொல்லியும், கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்றே நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. 900-க்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டார்கள். சீமா மிஸ்ரா என்ற இந்திய வம்சாவளிப் பெண் 2010-இல் சிறைக்கு அனுப்பப்பட்டபோது கர்ப்பிணியாக இருந்தார். 2019 டிசம்பரில் லண்டன் உயர் நீதிமன்றம் அந்த மென்பொருளில் பிழைகள் இருந்தன என்று தீர்ப்பளித்தது. 2021 ஏப்ரலில் சீமா உட்பட 39 பேரின் தண்டனை ரத்தானது. 2024-இல் மற்றவர்களை விடுவிக்கத் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். அதற்குள் சிலர் இறந்தே போனார்கள்.

அந்தப் பிழைகளில் ஒன்றை மட்டும் கேளுங்கள். ஸ்காட்லாந்தில் டால்மெல்லிங்டன் என்ற சிற்றூர். 2015-இல் அந்தக் கிளையை நடத்தியவர் 8,000 பவுண்டு வரவு வைக்கிறார். திரை உறைந்து நிற்கிறது. நாம் செய்வதைப் போலவே அவரும் மறுபடி மறுபடி பொத்தானை அழுத்துகிறார். ஒவ்வொரு அழுத்தலுக்கும் 8,000 பவுண்டு பதிவாகிறது. நான்கு முறை பதிந்து 32,000 ஆகிவிட்டது. கையில் இல்லாத 24,000 பவுண்டுக்கு அவர் கணக்குச் சொல்ல வேண்டிய நிலை.

'பொத்தானை நான்கு முறை அழுத்தினால் என்ன ஆகும்?' என்பது ஒரு டெஸ்டர் முதல் நாளே கேட்க வேண்டிய கேள்வி. பஸ் டிக்கெட் பதிவு செய்யும்போது நாம் எல்லோரும் அப்படி அழுத்தியிருக்கிறோம்.

நம் நாட்டிலும் பாடம் உண்டு. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் புதிய இணையதளம் 2021 ஜூன் 7-ஆம் தேதி தொடங்கியது. அதை உருவாக்கியது இன்ஃபோசிஸ். தொடங்கிய நாள் முதல் கோளாறுகள். ஆகஸ்ட் 23-ஆம் தேதி நிதியமைச்சர் அந்த நிறுவனத் தலைவரை நேரில் அழைத்து விளக்கம் கேட்கும் அளவுக்குப் போனது. இவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே இந்த நிலை என்றால், இந்த வேலைக்கு எவ்வளவு கவனம் வேண்டும் என்று புரிந்துகொள்ளுங்கள்.

தானியங்கிக் கருவி எதற்கு?

ஒரு மென்பொருளில் சோதிக்க வேண்டிய இடங்கள் 600 என்று வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடம். மொத்தம் 3,000 நிமிடம், அதாவது 50 மணி நேரம். ஒருவர் ஒரு வாரத்துக்கு மேல் உட்கார வேண்டும். இதை ஒரு தடவை செய்தால் பரவாயில்லை. ஆனால் மென்பொருளில் ஓர் இடத்தைச் சரிசெய்தால் இன்னோர் இடம் கெட்டுப்போகும். கூரையில் ஓடு மாற்றப் போய் பக்கத்து ஓட்டை மிதித்து உடைப்பதைப் போல. ஆகவே ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் 600-ஐயும் மறுபடி பார்க்க வேண்டும். இதற்கு ரிக்ரெஷன் டெஸ்டிங் என்று பெயர். மனிதர் சலித்துப்போவார், பத்தாவது முறை கண் தப்பவிடும். கம்ப்யூட்டர் சலிப்பதில்லை. இரவில் ஓட விட்டுவிட்டுப் போனால் காலையில் எது சரி, எது தப்பு என்று பச்சையும் சிவப்புமாகக் காட்டும்.

முன்பு இதற்கான கருவிகள் விலை அதிகம். மெர்க்குரி என்ற நிறுவனத்தின் வின்ரன்னர், கியூடிபி போன்றவைதான் பெரிய கம்பெனிகளில் ஓடின. 2006-இல் மெர்க்குரியை எச்பி நிறுவனம் சுமார் 450 கோடி டாலருக்கு வாங்கியது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 2004-இல், சிகாகோவில் தாட்வொர்க்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ஜேசன் ஹக்கின்ஸ் தன் வேலைச் சுமையைக் குறைக்க ஒரு கருவி எழுதினார். அதற்கு செலீனியம் என்று பெயர் வந்தது ஒரு கேலியால். பாதரசம் உடம்பில் ஏறினால் செலீனியம் முறிக்கும் என்பார்கள். மெர்க்குரி என்றால் பாதரசம். இந்தக் கருவி இலவசமாக வெளியிடப்பட்டது. பின்னர் சைமன் ஸ்டூவர்ட் எழுதிய வெப்டிரைவர் அதனுடன் சேர்ந்தது. 2018-இல் வெப்டிரைவர் உலகளாவிய இணையத் தர நிர்ணயமாகவே ஏற்கப்பட்டது. 2020-இல் மைக்ரோசாஃப்ட் பிளேரைட் என்ற கருவியை இலவசமாக வெளியிட்டது. இன்று புதிய வேலைகளில் பல அதில் நடக்கின்றன. செல்போன் செயலிகளுக்கு அப்பியம் இருக்கிறது. எஸ்ஏபி போன்றவற்றுக்கு டோஸ்கா என்ற கருவி பரவலாக உண்டு. அது விலை கொடுத்து வாங்குவது, கம்பெனிகள் வாங்கித் தரும்.

நான் இந்த வரலாற்றைச் சொல்லக் காரணம் ஒன்றுதான். பெரிய கம்பெனிகளில் பயன்படும் அதே செலீனியமும் பிளேரைட்டும் பாடாலூரில் இருக்கும் ஒரு பிள்ளைக்கும் காசு இல்லாமல் கிடைக்கின்றன. 8 ஜிபி ராம் உள்ள பழைய மடிக்கணினி ஒன்று இருந்தால் போதும்.

கருவி செய்வது மூன்று காரியம். முதலில் திரையில் உள்ள பெட்டியை அல்லது பொத்தானை அடையாளம் கண்டுபிடிக்கும். அந்த அடையாளத்துக்கு லொக்கேட்டர் என்று பெயர். இரண்டாவது, அதில் எழுதும் அல்லது அழுத்தும். மூன்றாவது, வந்த விடையை நாம் எதிர்பார்த்த விடையோடு ஒப்பிடும். சிமெண்ட் பில்லையே எடுத்துக்கொள்வோம். தேதி 21-09-2025, மூட்டை 10, விலை 300 என்று எழுது, சேமி, மொத்தம் 3,840 வருகிறதா பார். தேதியை 22 ஆக்கு, மொத்தம் 3,540 வருகிறதா பார். இவ்வளவுதான் ஒரு ஸ்கிரிப்ட்.

இதில் மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் மூன்றாவது காரியம். 'வெற்றிகரமாகச் சேமிக்கப்பட்டது' என்ற செய்தி வந்ததா என்று மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தினால், உள்ளே தொகை தப்பாக இருந்தாலும் பச்சை விளக்குதான் எரியும். எப்போதும் பச்சை காட்டும் சோதனை, எல்லோருக்கும் பாஸ் போடும் வாத்தியாரைப் போல. அதனால் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி முடித்ததும் வேண்டுமென்றே விடையை மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். சிவப்பு வருகிறதா என்று பாருங்கள். சிவப்பு வரத் தெரிந்த சோதனையைத்தான் நம்பலாம். எதைச் சோதிக்க வேண்டும் என்று கருவிக்குத் தெரியாது, அது நம் தலையிலிருந்துதான் வர வேண்டும்.

யார் படிக்கலாம்? எப்படிப் படிக்கலாம்?

பி.இ., பி.எஸ்சி. கம்ப்யூட்டர் படித்தவர்கள் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். பி.காம். படித்துவிட்டு வீட்டில் இருக்கும் நம் பெண்களுக்கு இதில் ஓர் அனுகூலம் உண்டு. பற்று, வரவு, ஜிஎஸ்டி, இருப்புக் கணக்கு அவர்களுக்குத் தெரியும். கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கு அதைப் புரியவைக்கத்தான் கம்பெனிகளில் மாதக்கணக்கில் ஆகிறது. கடையில் டேலி போட்ட அனுபவமும் இங்கே வீணாகாது. கோடிங் படிக்க வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அது கற்றுக்கொள்ளக்கூடிய ஒன்று.

தினமும் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் ஆறு மாதத்துக்கு இப்படி ஒரு வரிசை சொல்வேன்.

முதல் மாதம் கருவியைத் தொடாதீர்கள். சோதிக்கும் முறையை மட்டும் படியுங்கள். டெஸ்ட் கேஸ் எழுதுவது, பிழையை அறிக்கையாக எழுதுவது. என்ன செய்தேன், என்ன எதிர்பார்த்தேன், என்ன நடந்தது என்று மூன்று வரியில் தெளிவாக எழுதத் தெரிந்தால் பாதி டெஸ்டர். இரண்டாம் மாதம் எஸ்கியூஎல். திரையில் 3,540 என்று காட்டுவது உள்ளே சேமிப்பிலும் அப்படியே இருக்கிறதா என்று பார்க்க அது வேண்டும். மூன்றாவது, நான்காவது மாதங்கள் ஜாவா அல்லது பைத்தான், இரண்டில் ஒன்று மட்டும். பக்கத்து வீட்டுப் பையன் வேறு படிக்கிறான் என்று நடுவில் மாற்றாதீர்கள். ஐந்தாவது மாதம் செலீனியம் அல்லது பிளேரைட். ஆறாவது மாதம் கிட், ஜென்கின்ஸ், போஸ்ட்மேன். இவை செய்த வேலையைச் சேமிக்க, தானாக ஓட வைக்க, திரைக்குப் பின்னால் இரண்டு மென்பொருள்கள் பேசிக்கொள்வதைச் சோதிக்க.

பழகுவதற்கு மென்பொருள் வேண்டுமே என்பீர்கள். மும்பையில் உருவான ஈஆர்பிநெக்ஸ்ட் என்ற முழு ஈஆர்பி இலவசமாகக் கிடைக்கிறது. மனிதவள வேலைகளுக்கு ஆரஞ்ச்எச்ஆர்எம் இருக்கிறது. ஈஆர்பிநெக்ஸ்டில் உங்கள் அத்தாவின் வெங்காய மண்டிக் கணக்கையோ, மாமாவின் உரக்கடைக் கணக்கையோ மாதிரியாகப் போடுங்கள். அந்தக் கணக்கை வைத்தே 50 டெஸ்ட் கேஸ் எழுதுங்கள். அதில் இருபதைத் தானியங்கியாக்கி இணையத்தில் உங்கள் பெயரில் வையுங்கள். நேர்முகத் தேர்வில் 'என்ன செய்திருக்கிறாய்?' என்று கேட்டால் காட்டுவதற்கு அது இருக்கும். மனப்பாடம் செய்த நூறு கேள்வி பதிலைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

பாடங்களுக்கும் காசு வேண்டியதில்லை. ஐஐடிக்கள் நடத்தும் என்பிடெல் தளத்தில் மென்பொருள் சோதனைப் பாடங்கள் இலவசமாக இருக்கின்றன. கல்லூரியில் படிப்பவர்கள் 2022-இல் தமிழக அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் தங்கள் கல்லூரிக்கு என்ன பயிற்சி ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். சான்றிதழ் வேண்டுமென்றால் ஐஎஸ்டிகியூபி அடிப்படைத் தேர்வு உண்டு. 40 கேள்வி, ஒரு மணி நேரம், 26 சரியாக இருந்தால் தேர்ச்சி. அது கட்டாயமில்லை. வேலை தெரிந்த பிறகு எழுதினால் போதும்.

பிளஸ் டூ முடித்துவிட்டு மேலே படிக்க வசதி இல்லாத பிள்ளைகளுக்கு ஜோஹோ நிறுவனம் நடத்தும் ஜோஹோ ஸ்கூல்ஸ் என்ற வழியும் இருக்கிறது. கட்டணம் வாங்காமல், உதவித்தொகையும் கொடுத்துச் சொல்லித்தருகிறார்கள். நுழைவுத் தேர்வு உண்டு. விண்ணப்பித்துப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

பெற்றோரிடம் சில வார்த்தைகள்

இது மனதை வருத்தும் விஷயம், ஆனாலும் சொல்லாமல் போக முடியாது. '100 சதவீத வேலை உத்தரவாதம்' என்று விளம்பரம் செய்து பெருந்தொகை வாங்கும் பயிற்சி நிலையங்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. நகையை அடகு வைத்து, வட்டிக்கு வாங்கிக் கட்டுகிற குடும்பங்கள் நம்மிடையே உண்டு. கட்டுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். போன வருடம் இங்கே படித்து வேலைக்குப் போன ஐந்து பேரிடம் நான் பேச முடியுமா? பாதியில் நின்றால் பணம் திரும்புமா, அதை எழுதித் தருவீர்களா? உத்தரவாதம் என்றால் என்ன சம்பளம், எந்த வேலை? இந்த மூன்றுக்கும் நேரான பதில் வராத இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

இன்னும் மோசமானது ஒன்று இருக்கிறது. 'மூன்று வருட அனுபவம்' என்று போலிச் சான்றிதழ் போட்டுத் தருகிறோம், நேரே நல்ல சம்பளத்தில் சேரலாம் என்பார்கள். எல்லோரும் செய்கிறார்கள் என்பார்கள். கம்பெனிகள் இப்போது வருங்கால வைப்பு நிதிப் பதிவை வைத்துச் சரிபார்க்கின்றன. எந்த மாதம் எங்கே சந்தா கட்டப்பட்டது என்பது அதில் தெரிந்துவிடும். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் கழித்துப் பிடிபட்டாலும் அன்றே வெளியே அனுப்புவார்கள். அதன் பிறகு அந்தப் பிள்ளை எந்தக் கம்பெனியில் என்ன சொல்லிச் சேரும்? அதையும் விடுங்கள். அடுத்தவர் கணக்கில் உள்ள தப்பைக் கண்டுபிடிப்பதுதான் நம் வேலை. அந்த வேலைக்குள் பொய்க் கணக்கோடு நுழைவது எப்படிச் சரியாகும்? அமானிதம் என்ற சொல்லை நம் வீடுகளில் புதிதாக விளக்கத் தேவையில்லை.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் சொல்கிறேன். இந்தத் துறையில் பெண்கள் நிறையப் பேர் இருக்கிறோம். வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாமா என்று தாய்மார்கள் கேட்கிறீர்கள். பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் முதல் நாளிலிருந்தே அப்படிக் கிடைப்பது அரிது. முதல் ஓரிரு வருடங்கள் அலுவலகத்துக்குப் போய்க் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். சென்னை தூரம் என்றால் திருச்சி நவல்பட்டில் எல்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்கா இருக்கிறது, கோயம்புத்தூர் இருக்கிறது. அந்த இரண்டு வருடத்துக்கு அனுமதியும் பாதுகாப்பான தங்குமிடமும் ஏற்பாடு செய்து கொடுத்தால், கல்யாணமாகிக் குழந்தை பிறந்த பிறகும் தொடரக்கூடிய தொழில் அவள் கையில் இருக்கும். படிக்க வைத்துவிட்டுப் பட்டத்தைச் சுவரில் மாட்டி வைப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே?

இளைஞர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. மழுப்பாமல் பதில் சொல்கிறேன். சொன்னதை அப்படியே தட்டச்சு செய்யும் ஸ்கிரிப்ட் வேலையைச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இப்போதே வேகமாகச் செய்கின்றன. அதை மட்டும் கற்றுக்கொண்டு வருகிறவருக்கு இடம் சுருங்கும். புதிதாக வருபவர்களுக்கான போட்டியும் கூடியிருக்கிறது. ஆறு மாதம் படித்தால் ஏழாவது மாதம் வேலை என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

ஆனால் நனைந்துபோன பத்து மூட்டைக்கு 28 போட வேண்டுமா 18 போட வேண்டுமா என்று கேட்கத் தெரிந்தவர் வேண்டும். பொத்தானை நான்கு முறை அழுத்திப் பார்க்கத் தோன்றுபவர் வேண்டும். இயந்திரம் எழுதிய சோதனை சரியாகத்தான் சோதிக்கிறதா என்று பார்க்கவும் ஆள் வேண்டும். எஸ்ஏபி தன் பழைய ஈசிசி மென்பொருளுக்கான வழக்கமான ஆதரவை 2027 இறுதியோடு நிறுத்துவதாக அறிவித்திருக்கிறது. அதைப் பயன்படுத்தும் நிறுவனங்கள் புதியதற்கு மாறும்போது ஒவ்வொரு கணக்கையும் மறுபடி சோதிக்க வேண்டும். தொழிலை அறிந்து, கருவியையும் அறிந்தவருக்கு வேலை இருக்கும்.

நாம் என்ன செய்யலாம்?

அறக்கட்டளை நிர்வாகிகளிடம் ஒரு கோரிக்கை வைத்து முடிக்கிறேன். ஒரு மாணவருக்கு ஒரு தடவை கல்வி உதவித்தொகை கொடுப்பது நல்ல காரியம். அதோடு, பழைய மடிக்கணினிகள் ஐந்தாறு வாங்கி, நூலகப் புத்தகம் போல ஆறு மாதத்துக்கு இரவலாகக் கொடுங்கள். ஒரு மடிக்கணினி மூன்று வருடத்தில் ஆறு பிள்ளைகள் கையில் போகும். மக்ரிபுக்குப் பிறகு இரண்டு மணி நேரம் பிள்ளைகள் சேர்ந்து உட்கார்ந்து படிக்க ஓர் அறையும் இணைய இணைப்பும் கொடுங்கள். பெண் பிள்ளைகளுக்குப் பகலில் தனி நேரம் ஒதுக்குங்கள். தனியாகப் படிப்பவர் இரண்டாவது மாதம் நின்றுவிடுவார். நாலு பேர் சேர்ந்தால் ஒருவரை ஒருவர் இழுத்துக்கொண்டு போவார்கள். இன்ஷா அல்லாஹ், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் வீடியோ அழைப்பில் வந்து அவர்கள் எழுதியதைப் பார்த்துத் திருத்தித் தருகிறேன். நம் ஊரிலிருந்து வெளியூர் போய் இந்தத் துறையில் இருக்கும் மற்றவர்களையும் கேட்கிறேன், மாதத்தில் ஒரு மணி நேரம் கொடுங்கள்.

மாணவர்களே, இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் வீட்டில் உள்ள கடைசி கடை பில்லை எடுங்கள். விலை, வரி, மொத்தம் மூன்றையும் நீங்களே கூட்டிப் பாருங்கள். பிறகு அந்தப் பில்லைப் போட்ட மென்பொருளில் எங்கெல்லாம் தப்பு வரலாம் என்று பத்துக் கேள்வி எழுதுங்கள். பத்தையும் அடுத்த வாரம் நிர்வாகிகளிடம் கொடுங்கள். நான் வாங்கிப் படிக்கிறேன்.